அந்தக் கெண்டி எந்த மண்? யீசிங் தேநீர்க் கெண்டி விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சீனாவின் யீசிங் வட்டாரத்துத் திங்ஷு நகரிலிருந்து தேநீர்க் கெண்டிகளை அனுப்புகிறவர்களுக்கும், அவற்றைத் தருவித்துச் சிங்கப்பூர், மலேசியா, இந்தியா என்று கடைகளிலும் இணையத்திலும் விற்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

மூக்கு வைத்த செம்பைக் கெண்டி என்று சொல்வது நம் பழைய வழக்கம். நீங்கள் டீ பாட் என்று அட்டையில் அச்சிடும் மண் பாத்திரத்தை இந்த மடலில் கெண்டி என்றே குறிப்பிடுகிறோம்.

ஜியாங்சு மாகாணத்தில் தாய்ஹு ஏரிக்கு மேற்கே இருக்கும் யீசிங் வட்டாரத்துக் கெண்டியின் தரம் இறங்கிக்கொண்டே போகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. முன்பைவிட மூடி இறுக்கமாகப் பொருந்துகிறது, நிறம் கண்ணைப் பறிக்கிறது. கெட்டுப்போனது உள்ளே இருக்கும் மண், அதைப் பதப்படுத்தும் பொறுமை, அதைப் பற்றிச் சொல்லப்படும் பேச்சு. விலை மலிவான கெண்டி விற்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. அச்சில் செய்ததை அச்சில் செய்தது என்று சொல்லிக் கொடுத்தால் மகிழ்ச்சியாக வாங்கிப் பயன்படுத்துவோம். செய்த விதத்தை மறைத்து, 'முழுக்கக் கையால் செய்தது', 'அசல் மலைமண்' என்று ஒரே வாசகத்தை எல்லாக் கெண்டிக்கும் ஒட்டுவதுதான் எங்கள் வருத்தம். விஷயம் தெரிந்தே இப்படிச் செய்பவர்களும் இருக்கிறீர்கள். அனுப்புகிறவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்பவர்களும் இருக்கிறீர்கள். இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில், இந்தக் கெண்டியில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது. பீங்கான் கோப்பையில் தேநீர் தொடுவது மண்ணை அல்ல, மேலே உருகிப் படிந்த கண்ணாடிப் பூச்சை. அடியில் என்ன மண் இருந்தாலும் அந்தப் பூச்சு நடுவில் நிற்கும். யீசிங் கெண்டிக்கு உள்ளேயும் வெளியேயும் பூச்சே கிடையாது. கொதிநீரும் இலையும் நேராக மண்ணின்மேல் உட்காருகின்றன. நுண்ணிய துளைகள் உள்ள அந்தச் சுவர் சூட்டைப் பிடித்துவைக்கிறது, பயன்படுத்தப் பயன்படுத்தத் தேநீரின் சாறை வாங்கி மெருகேறுகிறது. ஊலோங் தேயிலைக்கு ஒரு கெண்டி, பூஅர் தேயிலைக்கு ஒரு கெண்டி என்று தனித்தனியே வைத்துக்கொள்வதும் இதனால்தான். ஆகவே மண்ணில் என்ன கலந்தது என்று கேட்பதை வாடிக்கையாளரின் வீண் குடைச்சலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுப்பில் வைக்கப்போகும் சட்டி ஈயமா, இரும்பா என்று கேட்பது போன்ற கேள்விதான் இது.

இந்த மண்ணின் பெயர் ஸிஷா, அதாவது ஊதா மணல். பெயரில் மணல் இருந்தாலும் தோண்டி எடுக்கும்போது அது கல். திங்ஷுவில் உள்ள ஹுவாங்லோங் மலையின் அடுக்குகளுக்கு நடுவே கட்டி கட்டியாக வெட்டி எடுத்தார்கள். ஊதாவாகச் சுடும் ஸிநி, சிவப்பாகச் சுடும் ஹோங்நி, மணல்மஞ்சளாகச் சுடும் துவான்நி என்று வகைகள் உண்டு. சுருக்கம் மிகுந்த செம்மண் ஜுநி, ஜாவ்ஜுவாங் பக்கத்தில் கிடைத்ததற்குப் பெயர்போனது. வெட்டிய கல்லை வெட்டவெளியில் பரப்பி வெயிலிலும் மழையிலும் பனியிலும் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில், கிடத்துவார்கள். கல் தானாக வெடித்து உதிரும். அதில் உள்ள கரையும் உப்புகளை மழை கழுவிக்கொண்டு போகும். பிறகு இரும்புக் கட்டி, சுண்ணாம்புத் துணுக்கு, அபிரகம் ஆகியவற்றைக் கையால் பொறுக்கி எறிந்து, அரைத்து, அங்குலத்துக்கு 40 முதல் 60 கண் உள்ள சல்லடையில் சலித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஈரம் காயாமல் இருட்டில் மூடி வைப்பார்கள். அந்த ஊறலும் மாதக்கணக்குதான். தோசை மாவு புளிப்பதற்கு நாம் விடும் நேரத்தை அவசரப்படுத்த முடியாதது போலத்தான் இதுவும். ஊறிய மண் இழுத்தால் வளைந்து கொடுக்கும், ஊறாத மண் விளிம்பில் பிளக்கும்.

இப்போது கைவிடப்படுவது இந்த இரண்டு காத்திருப்பும்தான். கல்லை நேராக ஆலையில் போட்டு மாவாக அரைத்துவிடுகிறார்கள். மழை கழுவ வேண்டிய உப்பு மண்ணுக்குள்ளேயே தங்குகிறது. கெண்டி காயும்போது அது நீரோடு மேலே ஏறிச் சுட்டபின் வெள்ளைப் படலமாகப் பூக்கிறது. அந்தப் படலம் வராமல் இருக்கப் பேரியம் கார்பனேட் கலக்கிறார்கள். உப்பில் இருக்கும் சல்பேட்டை அது கரையாத பேரியம் சல்பேட்டாகக் கட்டிப்போடும். செங்கல், மண்ஓடு தொழிலிலும் இந்த உத்தி உண்டு. ஆனால் ஓட்டில் யாரும் கொதிநீர் ஊற்றிக் குடிப்பதில்லை. பேரியம் கார்பனேட் எலி மருந்தாகப் பயன்பட்ட பொருள். அளவாகப் போட்டு நன்றாகச் சுட்டால் பெரும்பகுதி மண்ணோடு பிணைந்துவிடும் என்பது உண்மை. அளவை யார் பார்க்கிறார்கள், சூட்டை யார் பார்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அந்தத் தூளை முகமூடி இல்லாமல் கலக்கும் தொழிலாளியின் நுரையீரலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மண் கிடைப்பதில்லையே என்பீர்கள். 2005இல் ஹுவாங்லோங் மலையில் தோண்டுவது நிறுத்தப்பட்டது, சரி. கையிருப்பு இருப்பதும் உண்மை. 200 மில்லி கெண்டிக்குச் சுமார் 300 கிராம் மண் போதும். ஒரு டன் கையிருப்பில் மூவாயிரம் கெண்டி தேறும். பழைய மண்ணைச் சேர்த்துவைத்த ஒரு கைவினைஞருக்கு அது பல்லாண்டு வேலை. ஆனால் அச்சில் வார்த்துத் தள்ளும் பட்டறையின் கெண்டியிலும் அந்த மலையின் 'மூடப்பட்ட 4ஆம் எண் சுரங்கத்து மண்' என்று எழுதியிருந்தால் அதை எப்படி நம்புவது? பக்கத்து மாவட்டத்து மண் என்று சொல்லுங்கள். நல்ல மண் வேறு இடத்திலும் உண்டு, நாங்கள் அதை இழிவாக நினைக்கவில்லை.

நிறத்துக்கு வருவோம். 2010 மே மாதம் சீன அரசுத் தொலைக்காட்சி திங்ஷு பட்டறைகளுக்குள் போய், சாதாரண மண்ணில் இரும்பு ஆக்சைடு, மாங்கனீசு டைஆக்சைடு, கோபால்ட் ஆக்சைடு முதலியவற்றைக் கலந்து 'ஸிஷா' நிறம் கொண்டுவருவதைக் காட்டியது. சிவப்புக்கு இரும்பு, கருப்புக்கும் அடர்பழுப்புக்கும் மாங்கனீசு, நீலத்துக்கும் பச்சைக்கும் கோபால்ட், குரோமியம். நிறம் சேர்ப்பது நேற்று வந்த பழக்கமல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம். முன்பு அதை மறைக்கும் அளவுக்கு அது பரவவில்லை. இன்று உங்கள் கடையில் 'இயற்கைப் பச்சை மண்' என்று கிளிப்பச்சையில் ஒரு கெண்டி இருக்கிறது. அசல் பச்சை மண் என்பது கல்லாக இருக்கும்போதுதான் பச்சை, சுட்டால் வெளிர்மஞ்சளாகிவிடும். இதைத் தெரிந்தவர் எவரும் அந்தப் பலகையை எழுத மாட்டார். கருப்புக் கெண்டிக்கும் மரபில் ஒரு வழி உண்டு. சுட்ட கெண்டியை உமியிலும் கரியிலும் புதைத்து, காற்று புகாமல் மூடி, மறுபடி சுட்டால் மண்ணில் இருக்கும் இரும்பே கருத்துப்போகும். அதற்கு இரண்டாவது சூளைச் செலவு. மாங்கனீசுத் தூளுக்கு அந்தச் செலவு இல்லை.

'எங்களிடம் சோதனைச் சான்றிதழ் இருக்கிறது' என்று நீட்டுகிறீர்கள். அதை நாங்கள் படித்துப் பார்க்கிறோம். பெரும்பாலும் அது ஈயமும் காட்மியமும் கரைகின்றனவா என்று பார்க்கும் வழக்கமான பாத்திரச் சோதனை: 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை ஊற்றி, அறை வெப்பத்தில் 24 மணி நேரம் வைத்து, கரைந்ததை அளப்பது. கண்ணாடிப் பூச்சில் ஈயம் சேர்க்கும் பாத்திரங்களுக்கு ஏற்ற சோதனை அது. பூச்சே இல்லாத கெண்டியில் சந்தேகம் மாங்கனீசு, கோபால்ட், பேரியம், குரோமியம் மீது. அவற்றைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி கிடையாது. கேட்காத கேள்விக்குக் கிடைத்த நல்ல பதிலைக் காட்டித்தான் விற்கிறீர்கள். இந்த நான்கையும் கொதிநீரில் அளந்து ஒரு தாள் கொடுங்கள்.

அடுத்தது, 'கையால் செய்தது' என்ற சொல். நம் ஊரில் குயவர் சக்கரத்தில் வனைந்து, பிறகு பலகையால் தட்டி அடியை மூடுவார். யீசிங் மரபில் வனையும் சக்கரமே கிடையாது, எல்லாம் தட்டுதான். மண்கட்டியை மரச் சுத்தியால் அடித்துச் சில மில்லிமீட்டர் கனத்தில் ஒரே சீரான பட்டையாக்குவார்கள். அதை நீளமாக அறுத்து வளைத்து, குழைமண் தடவி ஓர் உருளையாக ஒட்டுவார்கள். கையால் திருப்பும் சிறு மேடையில் வைத்து, இடக்கை விரல்கள் உள்ளே அணைகொடுக்க, வலக்கை மெல்லிய மரப்பலகையால் வெளியே தட்டத் தட்ட, வாய் சிறிது சிறிதாகக் குவிந்து வயிறு உருண்டு வரும். ஒரு பக்கத்தை வட்டத் தகட்டால் மூடி, கவிழ்த்து, மறுபக்கம் தட்டுவார்கள். பிறகு மூக்கும் பிடியும் உருட்டி ஒட்டி, மூடி செய்து, கடைசியில் மாட்டுக் கொம்பைச் சீவிய வளையும் தகட்டால் மேனியை இழைப்பார்கள். நுண்மண் மேலே வந்து மணல் உள்ளே அழுந்தி, மெல்லிய தோல்போலப் படியும். எளிய வடிவத்துக்கே தேர்ந்த கைக்கு இரண்டு மூன்று நாளாகும்.

அரைக் கைவேலை என்பது, இந்த உருளையைப் பிளாஸ்டர் அச்சுக்குள் வைத்து உள்ளிருந்து விரலால் அழுத்தி வடிவம் எடுப்பது. யீசிங்கில் பல பத்தாண்டுகளாக நடப்பது, நல்ல மண்ணில் நல்ல கை செய்தால் அருமையான கெண்டி. இதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. வார்ப்பு வேறு. மண்ணைக் கூழாக்கி, சோடியம் சிலிகேட் என்ற நீர்க்கண்ணாடி சேர்த்துக் குறைந்த தண்ணீரிலேயே ஓடவிட்டு, அச்சில் ஊற்றி, சுவர் படிந்ததும் மீதியைக் கொட்டிவிடுவது. நீர்க்கண்ணாடி விஷமல்ல, சுட்டபின் மண்ணோடு போய்விடும். பிரச்சினை வேறு: கூழில் மணல் அடியில் தங்கிவிடும் என்பதால் மண்ணை மாவாக அரைத்தாக வேண்டும். ஊதா மணலில் மணல் போய்விடுகிறது. சுவரின் துளைகள் இறுகிவிடுகின்றன. பிறகு எதற்காக அதை யீசிங் கெண்டி என்று வாங்க வேண்டும்? சக்கரத்தில் வனைந்ததும் ஒன்று வருகிறது. மணல் மண் சக்கரத்தில் எழும்பாது என்பதால் வழுவழுப்பான வேறு மண் கலந்து வனைகிறார்கள். அதையும் 'கையால் செய்தது' என்று விற்கிறீர்கள். கை பட்டது உண்மைதான், சொல் பொய்யில்லை. ஆனால் கேட்பவர் மனதில் என்ன நினைக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும்.

இவற்றை வேறுபடுத்த ஒரு கைவிளக்கு போதும். மூடியைத் திறந்து உள்ளே ஒளியடியுங்கள். வார்த்த கெண்டியில் உட்புறம் வெளிப்புறத்தின் நிழல்போலவே இருக்கும். வெளியே மூக்கு எங்கே புடைக்கிறதோ அங்கே உள்ளே குழியும், சில கெண்டிகளில் பிடிகூட உள்ளீடற்றது. சக்கரத்தில் வனைந்ததில் அடியிலிருந்து சுருளாக ஏறும் வரிகள் தெரியும். அச்சில் அழுத்தியதில் விரலும் கருவியும் இழுத்த தடங்கள். தட்டிச் செய்ததில் அடித்தகடு சுவரோடு சேரும் இடத்தில் ஒட்டு தெரியும். பட்டையின் இணைப்பைப் பெரும்பாலும் பிடிக்கு நேர் கீழே மறைத்திருப்பார்கள். ஒரு தடத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. போலியாக ஒட்டுத் தடம் கீறிவிடுகிறவர்களும் வந்துவிட்டார்கள்.

நீங்கள் கடையில் செய்து காட்டும் சோதனை வேறு. தண்ணீர் ஊற்றி, மூடியின் காற்றுத்துளையை விரலால் அடைத்தால் மூக்கில் ஒழுக்கு நிற்கிறது, பார்த்தீர்களா என்கிறீர்கள். அது மூடி பொருந்துகிறது என்பதற்கு மட்டும்தான் அத்தாட்சி. சுட்டபின் மூடியையும் வாயையும் அரைப்புப்பசை வைத்துத் தேய்த்துவிட்டால் எந்த வார்ப்புக் கெண்டியும் இதில் தேறும். விளிம்பில் நிறம் வெளுத்த மெல்லிய வளையம் தெரிந்தால் தேய்த்திருக்கிறது என்று பொருள். கைக்கெண்டியின் மூடியைக் கெண்டியின் மேலேயே வைத்துத்தான் சுடுவார்கள், இரண்டும் சேர்ந்தே சுருங்க வேண்டும் என்பதற்காக. எங்களுக்குப் பயன்படும் சோதனை, ஊற்றும்போது தாரை உடையாமல் உருண்டு விழுகிறதா, நிமிர்த்தியவுடன் மூக்கின் விளிம்பில் சொட்டு அறுந்துவிடுகிறதா என்பது. காற்றுத்துளை உள்ளே அகலமாகவும் மேலே குறுகலாகவும் இல்லாவிட்டால் நீர்த்துளி அதில் சிக்கித் தாரை தடுமாறும். அவசரமாகக் குத்திய துளை நேராகவே இருக்கும்.

சூளையிலும் மிச்சம் பிடிக்கிறார்கள். இந்த மண்கள் சுமார் 1100 முதல் 1200 டிகிரி செல்சியஸ் வரை கேட்கும், வகைக்கு வகை மாறும். 30 டிகிரி குறைத்தால் உடைசல் குறையும், கோணல் குறையும், நிறம் கவர்ச்சியாக நிற்கும். வாங்குகிறவருக்குத்தான் நட்டம். குறைச் சூட்டில் வந்த கெண்டி தட்டினால் ஓசை அடைத்துக் கேட்கும், தேநீரில் பல நாள் மண்வாசம் விடும். துவான்நி என்றால் சில மாதங்களில் மஞ்சள் மேனியில் கரும்திட்டுகள் கசிந்து எழும். அதைப் 'பழக்கத்தில் வரும் அழகு' என்று ஒரு விற்பனையாளர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது வேகாத மண்.

ஜுநி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏமாற்று மிகுந்தது அதில்தான். ஸிநி சுமார் பத்தில் ஒரு பங்கு சுருங்கும் என்றால் அசல் ஜுநி அதைப் போல இருமடங்குக்கு மேல் சுருங்கும். மூக்கடியில் இழுத்துக்கொள்ளும், மேனியில் மெல்லிய சுருக்கம் விழும், சூளையில் பாதி வழியிலேயே விரிசல் விடும். அதனால்தான் சிறியதாகவே செய்தார்கள், அதனால்தான் விலை. பெரிய உருவத்தில், ஒரு சுருக்கமும் இல்லாமல், மெழுகுபோல வழவழப்பாக, மதியச் சாப்பாட்டு விலையில் ஜுநி கிடைக்கிறது என்றால், இரும்பு ஆக்சைடு போட்ட செங்கூழை வார்த்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வோம்.

கடைசியாக முத்திரை. அடியில் குத்திய பெயருக்கும் செய்த கைக்கும் உறவு அறுந்துவருகிறது. 2010இல் பெய்ஜிங் ஏலத்தில் கூ ஜிங்ஜோ செய்த ஒரு கெண்டி 1 கோடியே 20 லட்சம் யுவானைத் தாண்டி விலைபோனது. 1915இல் பிறந்து 1996இல் மறைந்த அந்தக் கலைஞரின் கோட்டுக்கும் சமநிலைக்கும் கிடைத்த விலை அது. அதைப் பார்த்து ஊரெல்லாம் பெயருக்கு விலை வைக்கத் தொடங்கியது. கைவினைஞருக்குத் தரப்படும் பட்டத்தின் படி ஏற ஏற விலை ஏறுகிறது. பட்டம் பெற்றவர் எத்தனை கெண்டி செய்ய முடியும் என்பது ஏறவில்லை. ஆகவே இளைஞர் ஒருவர் செய்கிறார், பெரியவர் முத்திரை குத்துகிறார், கெண்டியைக் கையில் பிடித்தபடி எடுத்த புகைப்படத்தோடு சான்றிதழ் வருகிறது. செய்த இளைஞரின் கை பல நேரம் நல்ல கை. தன் பெயரில் விற்றால் விலை கிடைக்காது என்பதால் அவர் மறைகிறார். அவர் பெயரை அட்டையில் போடுங்கள். நாளைக்கு மரபைத் தாங்கப்போகிறவர் அவர்தான்.

நாங்கள் கேட்பது ஒரு விசிட்டிங் கார்டு அளவுத் தாள். மண் எங்கிருந்து வந்தது, ஒரே மண்ணா கலவையா. நிறமி அல்லது பேரியம் சேர்த்ததா, சேர்த்தால் எது. தட்டியதா, அச்சில் அழுத்தியதா, வனைந்ததா, வார்த்ததா. எத்தனை டிகிரியில் சுட்டது. செய்த கை யாருடையது. பதில் தெரியாத இடத்தில் 'தெரியாது' என்று எழுதுங்கள், அதற்கும் மதிப்புக் கொடுப்போம். 'வார்ப்பு, நிறமி உண்டு' என்று எழுதிய கெண்டியை அதற்குரிய விலையில் வைத்தால் அது விற்காது என்று பயப்பட வேண்டாம். தொடக்கக்காரருக்கும் அலுவலக மேசைக்கும் அது போதும். நிறமி இல்லாத, நன்றாகச் சுட்ட, அச்சில் அழுத்திய எளிய ஸிநி கெண்டி ஒன்று நடுத்தர விலையில் எப்போதும் உங்கள் அலமாரியில் இருந்தால் எங்களில் பலர் அதைத்தான் வாங்குவோம். இன்று கடைகளில் தேடிக் கிடைக்காதது அதுதான்.

இன்னொன்றும் செய்யலாம், அதற்குச் செலவே இல்லை. சரக்குப் பெட்டியில் உடைந்து வரும் கெண்டிகளைக் குப்பையில் போடாதீர்கள். எந்த மண்ணில் வந்ததோ அந்த அலமாரியிலேயே அதன் ஓட்டுத் துண்டு ஒன்றை வையுங்கள். உடைந்த முகத்தைப் பார்த்தால் மண் தன்னைக் காட்டிவிடும். நல்ல ஸிநியில் ஊதாப் பரப்புக்குள் மஞ்சளும் கருப்புமாக மணல்பொடி சிதறிக் கிடக்கும், இடையிடையே ஊசிமுனைத் துளைகள் தெரியும், நாக்கில் தொட்டால் இலேசாக ஒட்டும். வார்த்த துண்டு சாக்லேட் வில்லையை உடைத்ததுபோல ஒரே சீராக, மணலின்றி இருக்கும். வாடிக்கையாளர் அந்தத் துண்டை எடுத்துப் பார்க்கட்டும், பிறகு விலையைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
யீசிங் கெண்டியில் நாள்தோறும் தேநீர் போடும் வாடிக்கையாளர்கள் சிலர்